மங்கிய முகமும் மாற்று முகமும்

ஒருவர் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கும்போது உண்மையில் இரண்டினை வாங்குகின்றார். ஒன்று, கையில் வந்து சேரும் பொருள். மற்றொன்று, அப்பொருளைக் குறித்து அவர் உள்ளத்தில் முன்னரே எழுந்து நிற்கும் எதிர்பார்ப்பு. இவ்விரண்டும் ஒத்திருப்பின் நிறைவு உண்டாகின்றது; ஒவ்வாவிடின் ஏமாற்றம் பிறக்கின்றது. அந்த ஏமாற்றத்திற்குப் பொறுப்பு யாருடையது? விற்றவருடையதா, வாங்கியவருடையதா, அன்றி அப்பொருளினுடையதா? கடைவீதிக் கேள்வி போலத் தோன்றினும் இஃது அறத்தைத் தொடும் கேள்வியேயாகும். இக்காலத் திறன்பேசிகளில் அமைந்துள்ள செயற்கை நுண்ணறிவுப் பட வசதிகளை முன்னிறுத்தி இதனைச் சிறிது சிந்திப்போம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறித் தொடங்குகின்றேன். எங்கள் அன்னையார் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவருடைய படம் என்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. உறவினர் திருமணத்தில் பலரோடு சேர்ந்து நின்றபோது எடுத்தது. அதில் அன்னையாரின் முகம் கட்டைவிரல் நக அளவே இருக்கும், அதுவும் மங்கியிருக்கும். சென்ற ஆண்டு என் தம்பி மகன் மாதத் தவணையில் புதிய திறன்பேசி ஒன்றை வாங்கினான். மங்கிய படங்களையும் தெளிவாக்கித் தரும் என்று விளம்பரத்தில் கண்டதே அவன் அதனைத் தேர்ந்ததற்கு முதற் காரணம். "பெரியப்பா, பாட்டியின் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டிவிடலாம்" என்று மகிழ்வோடு கூறினான்.

பழைய படத்தைத் திறன்பேசியிற் பதிவு செய்து அவ்வசதியை இயக்கினான். சில நொடிகளில் முகம் தெளிந்தது. இமை மயிர்கூடத் தனித்தனியே தெரிந்தது. ஆயினும் அது எங்கள் அன்னையாரின் முகமாக இல்லை. சற்றே கோணியிருந்த வலப்புருவம் நேராகியிருந்தது. மோவாயில் கரும்புள்ளியாகத் தெரிந்த மச்சத்தை அழுக்கென்று கருதிக் கருவி நீக்கிவிட்டது. என் தமக்கையார் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் நோக்கிவிட்டு, "யாரப்பா இந்த அம்மா?" என்று கேட்டார். தம்பி மகனின் முகம் வாடிற்று. "இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தேன்!" என்றான்.

இவ்வருத்தம் அவன் ஒருவனுடையதன்று. உலகெங்கும் பலர் இதே குரலை எழுப்பி வருகின்றனர். ஆனால் அவர்கள் கூறும் குறைகளை ஒன்றாகக் குவித்துப் பாராமல், வகைப்படுத்திக் காண்பதே நடுவுநிலைமைக்கு அழகாகும்.

முதல் வகை, சொன்ன காலத்தில் வாராமையால் விளையும் ஏமாற்றம். ஆப்பிள் நிறுவனம் 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வரிசையை வெளியிட்டபோது, அது 'ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்' என்னும் நுண்ணறிவு வசதிக்கென்றே அமைக்கப்பட்டது என்று பறைசாற்றியது. கருவி கடைக்கு வந்த நாளில் அவ்வசதி அதில் இல்லை. படத்திலுள்ள வேண்டாத பொருளை நீக்கும் வசதி அக்டோபர் இறுதியிலும், சொற்களைக் கொண்டு படம் வரையும் 'இமேஜ் பிளேகிரவுண்ட்' டிசம்பரிலும் வந்து சேர்ந்தன. விளம்பரத்தில் காட்டப்பட்ட புதிய 'சிரி' உதவியாளர் மேலும் தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அமெரிக்காவில் விளம்பரங்களை ஆராயும் தேசிய விளம்பரப் பிரிவு, இப்போதே கிடைக்கும் என்ற பொருள்படும் கூற்றைத் திருத்தவோ கைவிடவோ வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இங்கே குற்றம் விற்றவருடையதே என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் வகை, திறக் குறைவால் விளையும் ஏமாற்றம். கைவிரல்கள் ஆறாகின்றன, பெயர்ப்பலகையில் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகின்றன, ஆளை நீக்கிய இடத்தில் அவர் நிழல் மட்டும் எஞ்சி நிற்கின்றது. கலை வளர வளர இக்குறைகள் நீங்கக்கூடும். ஆயினும் நூறு முயற்சிகளில் நன்றாக அமைந்த ஒன்றை மட்டும் விளம்பரத்திற் காட்டி, எஞ்சியவற்றை மறைத்தல் நேர்மையாகாது. எடையைக் குறைத்து அளப்பதும் எதிர்பார்ப்பை மிகுத்து விற்பதும் ஒரே செயலின் இரு பக்கங்களே. அளவைகளைக் குறைத்தலும் மிகுத்தலும் கள்ளாமை என்னும் விரதத்திற்குக் குற்றமாகும் என்று நாம் கேட்டு வளர்ந்த விதி இவ்விடத்தும் பொருந்தும்.

மூன்றாம் வகையோ வியப்பிற்குரியது. கருவி செய்ய மறுப்பதால் விளையும் ஏமாற்றம் அது. இமேஜ் பிளேகிரவுண்ட் வெளிவந்தபோது கேலிச்சித்திரம் போன்ற படங்களையே வரைந்தது. புகைப்படத்தை ஒத்த படத்தைத் தர மறுத்தது. கூகுள் நிறுவனம் 2024 ஆகஸ்டில் பிக்சல் 9 கருவியோடு தந்த 'பிக்சல் ஸ்டூடியோ' முதலில் மனித உருவங்களை வரையவே இல்லை. வாங்கியோர் பலர் இவற்றை விளையாட்டுப் பொருள் என்று இகழ்ந்தனர். ஆனால் அதே பிக்சல் 9 கருவியில் 'ரீஇமேஜின்' என்னும் மற்றொரு வசதி இருந்தது. எடுத்த புகைப்படத்தின் ஒரு பகுதியைத் தொட்டு, வேண்டியதைச் சொன்னால் அஃது அங்கே தோன்றிவிடும். செய்தியாளர்கள் அதனைச் சோதித்தபோது, அமைதியான சாலையில் வாகன விபத்தையும் பொதுவிடத்தில் புகையும் வெடிகுண்டையும் நம்பத்தக்க வகையில் புகுத்த முடிந்தது. அப்போது எழுந்தது ஏமாற்றமன்று, அச்சம்.

ஆகவே ஈதொரு முரண்பாடு. கருவி தோற்றால் குறை கூறுகின்றோம்; வென்றால் அஞ்சுகின்றோம். எனில் நாம் அதனிடம் உண்மையில் வேண்டுவது யாது?

இவ்வினாவிற்கு அக்கருவிகளைச் செய்வோரே மூன்று விதமாக விடை கூறியுள்ளனர். சாம்சங் நிறுவனத்தின் பேட்ரிக் ஷோமே 2024 ஜனவரியில், உண்மையான படம் என்று ஒன்று இல்லவே இல்லை என்னும் கருத்தை வெளியிட்டார். கூகுளின் ஐசக் ரெனால்ட்ஸ் அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு நொடியின் பதிவுக்கு உண்மையாக இராவிடினும் நம் நினைவுக்கு உண்மையாக இருக்கும் படத்தை உருவாக்க இவ்வசதிகள் உதவுகின்றன என்றார். ஆப்பிளின் ஜான் மெக்கார்மாக் செப்டம்பரில், உண்மையில் நிகழ்ந்த ஒன்றைப் போற்றுவதே புகைப்படம் என்றார்.

முதற் கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. எந்தக் கருவியும் கண் கண்டதை அப்படியே தருவதில்லை. ஒளியைக் கூட்டுகின்றது, நிறத்தைத் திருத்துகின்றது. 2018ஆம் ஆண்டு பிக்சல் 3 கருவியில் வந்த 'நைட் சைட்' வசதி, இருளில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாக இணைத்துத் தெளிவூட்டியது. ஆயின் அங்கே சேர்க்கப்பட்ட ஒளி யாவும் எதிரில் இருந்த பொருளினின்றே வந்தது. அது திரட்டுதல். இல்லாததைக் கொண்டுவந்து நிரப்புதல் வேறு செயலாகும்.

இவ்வேறுபாட்டை 2023 மார்ச்சில் ஒருவர் செய்த எளிய சோதனை நன்கு விளக்கிற்று. அவர் நிலவின் படமொன்றை 170க்கு 170 படப்புள்ளிகளாகச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் இட்டார். அறையை இருளாக்கித் தொலைவில் நின்று சாம்சங் திறன்பேசியால் அதனைப் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் எடுத்த படத்தில் தெளிவாகத் தோன்றின! கருவி நிலவை அடையாளம் கண்டு அதன் நுணுக்கங்களை மேம்படுத்துவதாகவும், வேண்டாதோர் அவ்வசதியை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் அந்நிறுவனம் விளக்கம் தந்தது. நிலவு எல்லோர்க்கும் ஒன்றே. அது நமக்குக் காட்டும் முகமும் மாறுவதில்லை. ஆதலின் அங்கே நிரப்பியது பெரிதும் பிழையாகப் போகவில்லை. ஆனால் அன்னையின் முகம் அத்தகையதா? கருவி கற்ற எண்ணற்ற முகங்களுள் எங்கள் அன்னையாரின் முகம் இல்லை. மங்கிய படத்தில் அழிந்து போன விவரம் அழிந்ததே. பொதுவாக ஒரு முகம் எப்படியிருக்கும் என்ற கணிப்பைக் கொண்டே கருவி அவ்விடத்தை நிரப்பியது. அக்கருவி இன்னும் பன்மடங்கு திறமுடையதாயினும் இன்னும் அழகிய பிறிதொரு முகத்தைத்தான் தந்திருக்கும்.

இரண்டாம் கருத்தே மனத்தை மிகவும் மயக்குவது. நினைவிற்கு உண்மையாக இருந்தால் போதாதா? எங்கள் தமக்கையாரின் நினைவு உயிரோடு இருக்கின்றது. அதனாலன்றோ அவர் யார் என்று கேட்டார். ஆனால் இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து அப்படத்தைக் காணும் பேரப்பிள்ளைகள் அவ்வாறு கேட்பாரா? மங்கிய மெய்ம்முகமும் தெளிந்த பொய்ம்முகமும் அருகருகே இருப்பின், தெளிந்ததையே கொள்ளுப்பாட்டி என்று கொள்வர். சான்று கூறுவோர் மறைந்த பின் தெளிவே உண்மை என்று ஆகிவிடும். நினைவைத் திருத்தவல்ல படத்தை நினைவைக் கொண்டே திருத்துவோமாயின், பின்வருவோர்க்கு எஞ்சுவது நம் விருப்பம் மட்டுமே.

இவ்விடத்தில் நம் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்களின் நெறியை எண்ணிப் பார்த்தல் தகும். புறநானூற்றின் பிற்பகுதிப் பாடல்கள் பல செல்லரித்தும் சிதைந்தும் கிடைத்தன. 1894ஆம் ஆண்டு அந்நூலை முதலில் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் செய்யுள் இயற்றவும் வல்லவர். விடுபட்ட அடிகளை ஓசையும் பொருளும் பொருந்தத் தாமே இயற்றி நிரப்ப அவரால் இயன்றிருக்கும். அவ்வாறு செய்யாமல், இல்லாததை இல்லை என்றே விட்டுவைத்தார். அச்சிதைவுகள் இன்றும் பதிப்புகளில் புள்ளிகளாக நிற்கின்றன. படிப்போர்க்கு அப்புள்ளிகள் வருத்தம் தரலாம். ஆனால் அப்புள்ளிகளே மற்ற அடிகள் மெய்யானவை என்பதற்குச் சான்றாகின்றன. வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டுவைக்கும் துணிவும் வாய்மையின் ஓர் உறுப்பாகும்.

இனி, வாங்குவோராகிய நம் பக்கமும் பார்க்க வேண்டும். விற்பவர் விளம்பரம் செய்தார், உண்மையே. ஆனால் அவ்விளம்பரம் நம் உள்ளத்தில் ஏன் அத்துணை எளிதில் வேரூன்றியது? இழந்ததை விலை கொடுத்து மீட்கலாம் என்ற ஆசை அங்கே முன்னரே இருந்தது. கண்மூடிய குழந்தை கண் திறந்திருக்க வேண்டும். விழாவிற்கு வாராத அண்ணன் வந்து நின்றதாக இருக்க வேண்டும். மழை பெய்த நாள் வெயில் நாளாக இருக்க வேண்டும். நிகழ்ந்தவாறே வாழ்வை ஏற்க இயலாத நெஞ்சிற்கு எத்தனை வசதிகள் வந்தாலும் போதா. என் தம்பி மகனின் பழைய திறன்பேசி பழுதின்றியே இருந்தது என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும்.

இதனால் விற்பவரை விடுவிக்கின்றேன் என்று கருதற்க. வாங்குபவரின் ஆசை, விற்பவரின் பொய்க்கு விலக்காகாது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மயக்கும் விளம்பரங்களைத் தவறென்கின்றது. அதன்வழி 2022இல் வெளியான நெறிமுறைகள், விளம்பரத்தின் தலைப்பில் கூறியதை அடிக்குறிப்பில் மறுக்கலாகாது என்று வரையறுக்கின்றன. குறை கண்டோர் உரிய இடத்தில் முறையிடுதல் கடமையும் ஆகும். வாளாவிருத்தல் அடுத்து வாங்குவோரையும் அக்குழியில் வீழ்த்தும்.

அன்பர்களே! நாம் செய்யத்தக்கன சில உண்டு. வாங்குமுன், இவ்வசதி இக்கருவியில் இன்றே இயங்குகின்றதா என்று கடையிலேயே நம் படமொன்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம். மாற்றப்பட்ட படத்தை மாற்றப்பட்டது என்று குறித்து வைப்போம். சாம்சங் 2024 முதல் தன் நுண்ணறிவுத் திருத்தப் படங்களின் மூலையில் சிறு அடையாளம் இடுகின்றது. 2025இல் வந்த பிக்சல் 10, படம் உருவான முறையைப் படத்தோடு பதிந்து வைக்கின்றது. அவ்வடையாளங்களை வெட்டியெறிதல் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, மூலப்படத்தை ஒருபோதும் அழித்தல் கூடாது.

எம் இல்லத்தில் இறுதியாக நிகழ்ந்தது இது. பழைய படத்தைப் படநிலையத்தில் தந்து, கீறல்களை மட்டும் நீக்கி, இயன்ற அளவே பெரிதாக்கி மாட்டினோம். முகம் இன்னும் மங்கலாகவே இருக்கின்றது. கருவி வரைந்த படத்தை அழித்துவிடட்டுமா என்று தம்பி மகன் கேட்டான். "வேண்டுமாயின் வைத்துக்கொள், ஆனால் இது பாட்டியின் படமன்று, கருவியின் கணிப்பு என்று அதன் அடியில் எழுதி வை" என்றேன். அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பின்பு தமக்கையாரிடம் சென்று, பாட்டியின் புருவம் எவ்வாறு இருக்கும், குரல் எவ்வாறு இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஏட்டில் குறிக்கத் தொடங்கினான். கருவி நிரப்ப இயலாத இடம் அவ்வாறு நிரம்பலாயிற்று. நம் இல்லந்தோறும் முதியோர் உள்ளபோதே அப்பணியைச் செய்வோமாக.