பழியும் சாட்சியும்: ஸப்போரிஷியா அணுமின் நிலையம் எழுப்பும் கேள்வி

போர்முனையில் சிக்கிய அணுமின் நிலையத்தின் மீது குண்டு விழுந்தால் பழி யாரைச் சேரும் என்பது பார்வைக்கு ஒரே கேள்வி. பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: சுட்டது யார், சுடப்படும் நிலைமையை உண்டாக்கியது யார், இப்போது அந்த நிலையத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் யார். மூன்றுக்கும் சான்று வேறு. விடை சொல்லத் தகுதியுள்ளவர்களும் வேறு. உக்ரைனின் ஸப்போரிஷியா நிலையம் குறித்து 2022 முதல் நடந்துவரும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி, முதல் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காததைக் காட்டி மற்ற இரண்டையும் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

த்னிப்ரோ ஆற்றின் இடது கரையில், எனர்ஹோடார் நகரை ஒட்டி இந்த நிலையம் இருக்கிறது. தலா 1000 மெகாவாட் திறனுள்ள, விவிஇஆர் என்னும் சோவியத் வடிவமைப்பு உலைகள் ஆறு. ஐரோப்பாவிலேயே பெரிய அணுமின் நிலையம் இதுதான். கூடங்குளத்தில் இயங்கிவரும் இரண்டு உலைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2022 மார்ச் 4 அதிகாலை ரஷ்யப் படைகள் இதைக் கைப்பற்றின. சண்டையில் பயிற்சிக் கட்டடம் தீப்பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று, நிலையத்தை ரஷ்ய அரசின் பொறுப்பில் சேர்க்கும் ஆணையில் ரஷ்ய அதிபர் புதின் கையெழுத்திட்டார். செப்டம்பர் 11 முதலே அங்கு மின்னுற்பத்தி நின்றுவிட்டிருந்தது.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடாது. அணுப்பிளவு நின்ற நொடியிலும் எரிபொருளில் முழுத் திறனின் 6, 7 சதவீத வெப்பம் எழுந்துகொண்டிருக்கும். நாளாக ஆகக் குறைந்துவிடும், ஆனால் அற்றுப்போகாது. அதை அகற்ற நீர் வேண்டும், நீரைச் சுழற்ற மின்சாரம் வேண்டும். 2011 இல் ஃபுக்குஷிமாவில் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் தாமாகவே நின்றன. ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்த பிறகுதான் எரிபொருள் உருகியது. ஆகவே ஸப்போரிஷியாவில் உலைக் கூட்டின் மேல் விழுந்த ட்ரோனைவிட, பல கிலோமீட்டர் தள்ளி அறுந்துபோன ஒரு மின்தடம் பெரிய செய்தியாக இருக்கலாம். போருக்கு முன் நான்கு 750 கிலோவோல்ட் தடங்கள் அங்கே வந்து சேர்ந்தன. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்து நீர்த்தேக்கம் வற்றியதால், உலைகளைக் குளிர்விக்கக் கிணறுகள் தோண்ட வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 23 அன்று வெளி மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டது. போர் தொடங்கியபின் பத்தாவது முறை அது. ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களே நிலையத்தைத் தாங்கின. பழி பற்றிய சர்ச்சையில் இவை மிகக் குறைவாகவே பேசப்படுகின்றன. இடிந்த கூரை படத்தில் தெரியும். இல்லாத மின்சாரம் தெரியாது.

சுட்டது யார் என்ற கேள்வி உண்மையிலேயே கடினமானது. 2022 ஆகஸ்டில் நிலைய வளாகத்தில் குண்டுகள் விழுந்தபோது இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. செப்டம்பர் 1 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோஸி தம் குழுவுடன் வந்து சேர்ந்தார். மண்ணில் செருகி நின்ற ராக்கெட் துண்டு ஒன்று அவருக்குக் காட்டப்பட்டது. அது நின்ற கோணம், ரஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த திசையிலிருந்து வந்ததாகத் தோன்றச் செய்தது. விழும்போது 180 பாகை திரும்பிவிட்டது என்று ரஷ்யத் தரப்பு அதிகாரி விளக்கினார். அந்த விளக்கம் நம்பும்படியாக இல்லை. ஆனால் அந்தத் துண்டு தன்னைப் பற்றித்தான் சாட்சி சொல்ல முடியும், மற்ற குண்டுகளைப் பற்றி அல்ல. 2024 ஆகஸ்ட் 11 அன்று குளிர்விப்புக் கோபுரம் எரிந்தபோது ட்ரோன் என்றது ரஷ்யா. ரஷ்யர்களே தீ வைத்தார்கள் என்றது உக்ரைன். முகமையின் வல்லுநர்கள் சென்று பார்த்து, தீ கோபுரத்தின் அடிப்பகுதியில் தொடங்கியிருக்க வாய்ப்பில்லை என்று மட்டும் சொன்னார்கள். தெரிந்த அளவுக்குச் சொல்லி அங்கேயே நிறுத்தியது கோழைத்தனம் அல்ல, அறிவு நேர்மை.

இரண்டாம் கேள்வியில் இந்த மூடுபனி இல்லை. ஆயுதமேந்தி நிலையத்துக்குள் நுழைந்தது ரஷ்யப் படை என்பதை ரஷ்யாவே மறுக்கவில்லை. டர்பைன் கூடத்தில் இராணுவ லாரிகள் நிறுத்தப்பட்டிருந்ததை முகமையின் குழு நேரில் கண்டு எழுதியது. நிலையத்தின் தலைமை இயக்குநர் இஹோர் முராஷோவ் 2022 செப்டம்பர் 30 அன்று ரஷ்யர்களால் பிடித்துச் செல்லப்பட்டு, சில நாள் கழித்தே விடுவிக்கப்பட்டார். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, 56 ஆம் பிரிவில், அணுமின் நிலையங்களின் அருகே இராணுவ இலக்குகளை அமைக்காமல் இருக்க முயல வேண்டும் என்கிறது. அதே பிரிவு அவற்றைத் தாக்குவதையும் தடுக்கிறது. போர் நடவடிக்கைக்கு நேரடியாகவும் தொடர்ச்சியாகவும் மின்சாரம் தரும் நிலையத்துக்கு மட்டும் ஒரு குறுகிய விலக்கு உண்டு. மின்சாரமே தராத ஸப்போரிஷியாவுக்கு அது பொருந்தாது. எனவே ஆக்கிரமித்தவரின் குற்றம், எதிர்த்தரப்பு அங்கே சுடுவதற்கு உரிமம் ஆகாது. உக்ரைனின் பக்கம் நியாயம் இருப்பதாகக் கருதுவோர் இதையும் ஏற்கத்தான் வேண்டும்.

கார்ல் யாஸ்பர்ஸ் 1946 இல் ஜெர்மானியரின் குற்றம் பற்றி எழுதிய நூலில் குற்றத்தை நான்காகப் பிரித்தார்: சட்டக் குற்றம், அரசியல் குற்றம், அறக் குற்றம், இருப்பு சார்ந்த குற்றம். சட்டக் குற்றத்துக்குச் செய்தவர் இன்னாரென்று தெரிய வேண்டும், நீதிமன்றம் வேண்டும். ஒரு நாட்டின் செயலுக்கான பொறுப்பு அப்படிக் காத்திருப்பதில்லை. பீரங்கியை இயக்கிய கை எது என்று தெரியாத நிலையிலும், படையெடுத்த அரசின் பொறுப்பு நிலைத்து நிற்கிறது.

இவற்றையெல்லாம் சொல்பவர் ஒருதலைச் சார்புள்ளவர் என்ற மறுப்பு உடனே எழும். இந்தியத் தருக்க மரபு இதை ஆழமாக யோசித்திருக்கிறது. பிறர் சொல்லை அறிவுக்கு வழியாக நியாய மரபு ஏற்றது, ஆனால் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்றது. யார் ஆப்தர்? பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விழைபவர். முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்று வாத்ஸ்யாயனர் தம் நியாய சூத்திர உரையில் எழுதினார். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது கேள்வியே இல்லை. கண்டாரா, கண்டதைச் சொல்ல அவருக்குத் தடை உண்டா என்பதே கேள்வி. சார்பு எதிர்க்கேள்வி கேட்கக் காரணமாகலாம், கூற்றைப் பொய்யாக்கிவிடாது.

சொல்லத் தடை உண்டா என்ற அந்த இரண்டாம் அளவுகோல் இங்கே உயிரானது. நிலையம் வீழ்ந்த அதே 2022 மார்ச் 4 அன்று, படைகளைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்புவோருக்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டத்தில் புதின் கையெழுத்திட்டார். உக்ரைனிலும் போர்க்காலக் கட்டுப்பாடுகள் உண்டு. பெரிய தொலைக்காட்சிகள் ஒரே கூட்டு ஒளிபரப்பை நடத்தின. இரண்டும் செய்தியைச் சுருக்குகின்றன. ஆனால் கண்டதைச் சொன்னதற்கே 15 ஆண்டு சிறைக்கு அஞ்ச வேண்டிய நிருபரின் மௌனத்தை மற்றதோடு சமமாக வைப்பது தவறு.

விவாதத்தை நியாய சூத்திரம் மூன்றாக வகுத்தது: உண்மையைத் தேடுவது வாதம், வெற்றியைத் தேடுவது ஜல்பம், தன் கட்சி எதையும் நிறுவாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே விதண்டை. ஸப்போரிஷியா பற்றிய செய்திகளில் குறை கண்டுபிடித்தே காலம் கழிப்பவர், அங்கே நடந்தது என்ன என்று தம் பொறுப்பில் ஒரு வாக்கியம்கூடச் சொல்வதில்லை. எந்த ஊடகமும் தவறும். அதைக் காட்டுவது பயனுள்ள வேலைதான். சான்றின் இடத்தை அது நிரப்பாது.

‘இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின’ என்று முடியும் செய்தி, முதல் கேள்வியில் நேர்மையானது. இரண்டாம் கேள்விக்கும் அதையே பயன்படுத்தினால் தெரிந்ததை மறைக்கிறது. அணுசக்தி முகமையே இந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்தது. வளாகத்துக்குள் ஆய்வாளர்களைத் தங்கவைத்திருக்கும் செயலகம், சுட்டவர் பெயரைச் சொல்லாது. சொன்னால் நுழைவே போய்விடக்கூடும், கண்களும் போய்விடும். ஆனால் முகமையின் 35 நாட்டு ஆளுநர் குழு, ரஷ்யா நிலையத்தை விட்டு விலக வேண்டும் என்று 2022 செப்டம்பரில் 26 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவை ரஷ்யாவும் சீனாவும், ஏழு நாடுகள் வாக்களிக்கவில்லை. சாட்சியின் மௌனத்தைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வோர் இதைப் பார்ப்பதில்லை. சுட்டவர் யாரென்று விசாரிக்க, முதலாம் நெறிமுறையின் 90 ஆம் பிரிவில் உண்மை கண்டறியும் ஆணையம் ஒன்று இருக்கிறது. அதன் அதிகாரத்தை முன்பு ஏற்றிருந்த ரஷ்யா 2019 இல் அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது.

மூன்றாம் கேள்வி இவை முடியும்வரை காத்திருக்க முடியாதது. நிலையத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அதை ஆபத்தின்றி வைத்திருக்கும் கடமை அன்றாடம் உண்டு. எதிரே நிற்பவருக்குச் சுடாதிருக்கும் கடமை உண்டு. 2025 அக்டோபரில் முகமையின் முயற்சியால் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சண்டை நிறுத்தப்பட்டு, போர்முனைக் கோட்டின் இருபுறமும் பழுதுபார்ப்புக் குழுக்கள் மின்தடத்தைச் சரிசெய்தன. 23 ஆம் தேதி வெளி மின்சாரம் திரும்ப வந்தது. தடத்தை அறுத்தது யார் என்பதில் இரு அரசுகளும் அன்றும் உடன்படவில்லை.