வென்றவன் என்ன செய்கிறான்

சூதாட்டம் வரும் நம் படங்களுக்குப் பெரும்பாலும் தோற்பவனை மட்டுமே தெரியும். சீட்டைத் தொட்டவன் வீட்டை இழப்பான், மனைவியின் தாலி அடகுக்குப் போகும், கடைசி ரீலில் திருந்துவான் அல்லது சாவான். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தோல்வியே தண்டனையாகிவிடுவதால், செய்தது சரியா தவறா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அவன் ஜெயித்திருந்தால் என்ன சொல்வது என்ற கேள்வி எழாமலே படம் முடிந்துவிடுகிறது.

வள்ளுவர் அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். சூது என்ற 94ஆம் அதிகாரம் இருப்பது அறத்துப்பாலில் அல்ல, பொருட்பாலில். அதன் முதல் குறள் வெற்றியைப் பற்றியது. ஜெயித்த பொருளைத் தூண்டிலில் மீன் விழுங்கிய இரையாகப் பார்க்கிறது. தோற்றவனுக்கு எழுந்துபோக ஒரு காரணமாவது உண்டு. ஜெயித்தவனுக்கு அதுவும் இல்லை.

எங்கள் கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் மேல் உள்ள கருவை அந்தாதிகள் அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்குகின்றன. நைடதமும் அவர் செய்ததே. அந்த நளன் கதை சூதைப் பற்றி இரண்டு விஷயங்களை யோசிக்க வைக்கிறது. கலி பிடித்த நளன் புட்கரனிடம் நாட்டைத் தோற்கிறான். பின்னால், ஒரு மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லும் இருதுபன்னனிடம் அந்த வித்தையைக் கற்கிறான். கற்றதும் கலி விலகுகிறது. கண்மூடித்தனம் போய்க் கணக்கு வருகிறது. இது முதல் விஷயம். பாரதக் கதைப்படி, மறுபடி ஆடி நாட்டை மீட்ட நளன் புட்கரனுக்கு அவன் பங்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். இது இரண்டாவது. முதலாவதைச் சினிமா நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதன் பக்கம் அது அபூர்வமாகவே போயிருக்கிறது.

போக்கர் சினிமாவுக்குத் தோதான ஆட்டம். மங்காத்தாவில் உள்ளே, வெளியே என்று விழும் சீட்டுக்கு ஆடுகிறவனின் மனம் தேவையில்லை. போக்கரில் கையில் ஒன்றுமில்லாதவன் பந்தயத்தை ஏற்றி, நல்ல சீட்டுக்காரனைப் பயந்து எழ வைக்கலாம். ஆட்டம் முகத்தில் நடக்கிறது. காமிரா பார்க்க வேண்டியதும் முகத்தைத்தான். ஜான் டாலின் 'ரவுண்டர்ஸ்' (1998) நளன் கதையின் முதல் பாதிதான். சட்டம் படிக்கும் இளைஞன் 30,000 டாலரை ஒரே ஆட்டத்தில் தோற்கிறான். கடைசியில் எதிராளி பிஸ்கட்டைத் தின்னும் விதத்தில் அவன் கையிலுள்ள சீட்டைப் படித்து ஜெயிக்கிறான். கெட்டிக்காரப் படம். ஜெயித்தவன் இன்னும் பெரிய மேஜையைத் தேடி லாஸ் வேகாஸுக்குக் கிளம்புகிறான். தூண்டிலை விழுங்கியவனுக்குப் படம் கைதட்டுகிறது.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். சினிமாவில் அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சீட்டையும் கதாசிரியன் முன்னமே அடுக்கிவைத்துவிட்டான். பகடை சகுனியின் கையில் இருக்கிறது. ஆகவே இத்தகைய படத்தின் நேர்மையை, அந்த அதிகாரத்தை அது யாருக்காகப் பயன்படுத்துகிறது என்பதை வைத்தே அளக்க முடியும். 'கேசினோ ராயல்' (2006) கடைசிக் கையில் நாலு பேருக்கும் பிரமாதமான சீட்டுகளைக் கொடுத்து, அவற்றுள் மேலானதை நாயகனிடம் தருகிறது. ஆடியவன் பாண்ட் அல்ல, எழுதியவன்.

நார்மன் ஜூவிசனின் 'சின்சினாட்டி கிட்' (1965) எதிர்த் திசையில் போகிறது. இளைஞன் தவறேதும் செய்யவில்லை. மூன்று ஏஸும் இரண்டு பத்தும் கையில் இருக்க, கிழவன் லான்ஸியிடம் எட்டிலிருந்து ராணி வரை வரிசையாக டைமன். கணக்குப்படி கிழவன் எப்போதோ சீட்டைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, ஜெயித்தான். சரியாகச் செய்தவன் தோற்கிறான். அந்தத் தோல்வியால் செய்தது தவறாகிவிடவில்லை. செயலையும் பலனையும் பிரித்துப் பார் என்று ஆயிரம் உபதேசம் கேட்டவர்கள் நாம். அதைக் கண்ணால் பார்க்க இந்தப் படம் வேண்டியிருந்தது.

ராபர்ட் ஆல்ட்மனின் 'கலிபோர்னியா ஸ்ப்ளிட்' (1974) இன்னும் மேலே போகிறது. இரண்டு நண்பர்கள் ரீனோ நகரில் 82,000 டாலர் ஜெயிக்கிறார்கள். போக்கர் மேஜையில் ஆரம்பித்து அதைச் சம்பாதித்தவன் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குள் ஒன்றும் நிகழவில்லை. பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். உபதேசம் இல்லை, தண்டனை இல்லை. வெற்றி வெறுமையாக அவன் முன்னால் கிடக்கிறது.

நம் விவாதம் வேறு இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ரம்மி பெரும்பாலும் திறமை, மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று 1967இல் உச்சநீதிமன்றம் பிரித்தது. 2022இல் தமிழ்நாட்டுச் சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று கூறி அதை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பேதமே பாராமல் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தது. திறமையா அதிர்ஷ்டமா என்பது கோர்ட்டின் கேள்வி. திறமையால் பிறன் பொருளைப் பறித்தால் மட்டும் அது வேறாகிவிடுமா என்பது நளன் கதையின் கேள்வி.

வெங்கட் பிரபுவின் 'மங்காத்தா' (2011) நீதி சொல்லாமல் விட்டது நல்லதே. ஆனால் 500 கோடி ரூபாய்க்குப் பின்னால் ஓடுகிறவர்களில் எவனும் அந்தப் பணத்தின் முன் ஒரு நிமிஷம் சும்மா உட்காரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைக் காட்டும் தமிழ்ப்படம் வரும்வரை, நைடதம் தெரிந்தவர்கள் ஆல்ட்மனைத் தேடிப் பார்க்கலாம். அவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.