மேசைக்கு எத்திசை?

புதுமனை புகுந்து, பால் காய்ச்சி, வந்த உறவினரை உபசரித்து வழியனுப்பிய பிறகு வீட்டாருக்கு எஞ்சி நிற்கும் வேலை, எந்த அறையை எதற்கு வைத்துக்கொள்வது, அதில் எதை எங்கே அமைப்பது என்று தீர்மானிப்பதுதான். பூஜைக்கு ஈசானிய மூலை, சமையலுக்கு அக்கினி மூலை என்று பரம்பரையாக ஒரு வழக்கு இருந்து வருகிறது. அதைப் பின்பற்றுகிறவர்களுக்கு இதில் சங்கடம் ஏதும் இல்லை. ஆனால் 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று மனிதர்களை வீட்டுக்குள் அடைத்த நாள் தொட்டு, நம் இல்லங்களில் புதிதாக ஓர் அறை தோன்றியிருக்கிறது. கணிப்பொறியும் மேசையும் நாற்காலியும் கொண்ட அந்த அலுவல் அறைக்கு முன்னோர் வகுத்துச் சென்ற மூலை எதுவும் இல்லை. ஆகையால்தான் புதுவீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடமும் ஜோதிடரிடமும் கவலையோடு கேட்கிறார்கள்: "மேசையை எந்தத் திசை பார்த்துப் போடலாம்?"

இந்தக் கேள்வியை அற்பமென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர் அறிந்தோ அறியாமலோ, தத்துவ விசாரம் செய்தவர்கள் நெடுங்காலம் வாதித்த ஒரு பிரச்னையை அது தன்னுள்ளே கொண்டிருக்கிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்றால் ஒரு மூலைக்கு மட்டும் என்ன விசேஷம்? மனமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், சுவரின் வண்ணத்துக்கும் ஜன்னலின் திரைக்கும் நாம் செலவிடும் சிரத்தை வெறும் ஆசையின் விளையாட்டுத்தானா? அல்லது இடத்துக்கும் மனத்துக்கும் மெய்யாகவே ஒரு பந்தம் உண்டா?

பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில், முதற்பாதத்தில், இந்த விசாரம் நேராகவே நடைபெறுகிறது. உபாசனை செய்கிறவன் உட்கார்ந்துதான் செய்யவேண்டும் என்பதை முதலில் நிலைநாட்டுகிறார்கள். நடப்பவனுக்கு நடையே மனத்தைச் சிதறடிக்கும், நிற்பவனுக்கு உடலைத் தாங்குவதிலேயே மனம் செலவாகிவிடும், படுத்திருப்பவனையோ தூக்கம் எதிர்பாராமல் வந்து கவ்விக்கொள்ளும் என்று அதற்குத் தம் பாஷியத்தில் சங்கரர் காரணம் சொல்லுகிறார். நாளெல்லாம் மேசை முன் அமர்ந்து பிழைக்கும் இக்காலத்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார். உட்கார்வது முடிவான பின், எங்கே உட்கார்வது என்ற வினா எழுகிறது. வைதிக கர்மங்களுக்குக் கிழக்குத் திசை, முற்பகல் வேளை, கிழக்கே சரிந்த நிலம் என்றெல்லாம் நியமங்கள் இருப்பதனால், தியானத்துக்கும் அப்படியே திசையும் காலமும் தேசமும் குறிக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது பூர்வபக்ஷம், அதாவது எதிர்வாதியின் கட்சி. அதற்குப் பதினோராவது சூத்திரம் கூறும் விடை, எங்கே சித்தம் ஒருமைப்படுகிறதோ அங்கே அமரலாம், இதில் விசேஷ விதி ஒன்றும் இல்லை என்பது.

விசாரம் இத்துடன் முடிந்திருந்தால் அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை என்று நாம் எண்ணியிருப்போம். ஆனால் எதிர்வாதி சும்மா இருப்பதில்லை. சமமானதும் தூய்மையானதும், பரற்கல்லும் தீயும் மணலும் இல்லாததும், இரைச்சல் அற்றதும், கண்ணை உறுத்தாததும், மனத்துக்கு இசைந்ததுமான ஓர் இடத்தையன்றோ சுவேதாசுவதர உபநிஷத்து தியானத்துக்கு விதித்திருக்கிறது என்று அவன் கேட்கிறான். சங்கரரோ, அப்படி ஒரு நியமம் இருப்பது உண்மைதான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, அந்த நியமத்துக்கு உட்பட்ட சில்லறை விசேஷங்களில் கட்டாயம் இல்லை என்பதைச் சூத்திரம் இயற்றிய ஆசாரியர் நமக்கு நண்பராக இருந்து சொல்லுகிறார் என்று எழுதுகிறார். மனத்துக்கு இசைந்த இடம் என்று வேதம் கூறியதே, எங்கே ஒருமைப்பாடு உண்டோ அதுவே இடம் என்பதைத்தான் காட்டுகிறது என்பது அவர் முடிவு. தர்க்கத்தின் கூர்மையே ஆட்சி செலுத்தும் அந்தப் பாஷியத்தில், நண்பராக இருந்து என்ற அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. விதி விதிப்பவராக நில்லாமல், தோளில் கை வைத்து, "அப்பா, உன் மனம் எங்கே அடங்குகிறதோ அங்கே உட்கார்" என்று ஓர் ஆசாரியர் கூறுவதாக அவர் நமக்குக் காட்டுகிறார்.

இந்த விடையில் சலுகை எவ்வளவு உண்டோ அவ்வளவு பொறுப்பும் உண்டு. கிழக்கே பார்த்துப் போடு என்று ஒருவர் சொல்லிவிட்டால் நாம் யோசிக்கவேண்டியதில்லை. உன் மனம் எங்கே ஒருமைப்படுகிறது என்று கேட்டாலோ, நம் மனத்தை நாமே கவனித்துத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. தெருவைப் பார்த்த ஜன்னல் ஒருவருக்கு உற்சாகம் தரும். மற்றொருவரை அது போவோர் வருவோர் பின்னாலெல்லாம் இழுத்துச் சென்றுவிடும். வெறும் வெள்ளைச் சுவர் ஒருவருக்குச் சாந்தி. மற்றொருவருக்கு அதுவே சூனியம். ஆகவே பணியறையை அமைப்பது, முறையாகச் செய்யப்படுமானால், தன்னைத் தான் அறிகிற முயற்சியின் ஒரு சிறு பகுதியே ஆகும். பிறர் வீட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே நம் வீட்டில் பெயர்த்து வைப்பதில் அந்த முயற்சி நடைபெறுவதில்லை.

இங்கே வாஸ்து சாஸ்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மயமதம் முதலான சிற்ப நூல்கள் மனை நிலத்தை அறுபத்துநான்கு பதங்களாகவோ எண்பத்தொரு பதங்களாகவோ பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தேவதைக்கு உரியதாக்கி, நடுவிலுள்ள பதங்களைப் பிரம்மாவுக்கென்று ஒதுக்குகின்றன. பழைய வீடுகளில் அந்த நடுவிடம் வானத்துக்குத் திறந்த முற்றமாக நின்றது. வீட்டின் மத்தியில், யாருக்கும் சொந்தமில்லாமல், வெயிலும் மழையும் வந்து இறங்குவதற்கு ஓரிடத்தை வெறுமையாகவே விட்டுவைத்த அந்த யோசனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வாஸ்து சாந்தியின் கருத்தும் உயர்ந்ததே: நிலத்தை அகழ்ந்து, மரத்தை அறுத்து, புழு பூச்சிகளின் குடியைக் குலைத்து நாம் எழுப்பிய வீட்டில், குடிபுகுமுன் பூமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது நியாயந்தானே? ஆனால் அதே பெயரால் இன்று விற்கப்படுவது பெரும்பாலும் பயம். மேசை தெற்குப் பார்த்தால் வருமானம் போய்விடும், கதவு இன்ன இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று கூறி, கடன் வாங்கி வீடு கட்டியவர்களை அதை இடித்து மறுபடி கட்டச் செய்வதைக் காணும்போது மனம் கொதிக்கிறது. அச்சம் குடிகொண்ட அறையில் மன ஒருமை எப்படி வரும்? திசை பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அது நம்பிக்கையாக இருக்கும் வரையில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீட்டுக்குள்ளே ஓர் அறையைத் தன் பணிக்கென்று அமைத்துக்கொண்டவர்களில் என் நினைவில் முதலில் நிற்பவர் ஒரு சிறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில், தமையனார் சபாபதிப் பிள்ளையின் ஆதரவில் வளர்ந்துவந்த இராமலிங்கம், பள்ளிப் படிப்பில் மனம் செல்லாமல் கோயில் கோயிலாகத் திரிந்தார். தமையனார் கோபம் கொண்டார். அண்ணியார் கண்ணீர் வடித்தார். அந்தக் கண்ணீருக்கு இரங்கி, வீட்டிலிருந்தே படிப்பதாக அச்சிறுவர் இசைந்தபோது, மாடியில் ஓர் அறை அவருக்கென்று ஒழித்துத் தரப்பட்டது. புத்தகங்களோடு உள்ளே சென்றவர் அந்த அறையைச் சோடித்த விதத்தை அவர் சரித்திரம் கூறுகிறது. சுவரிலே ஒரு கண்ணாடியை நிறுத்தினார், அதற்குப் பூச்சூட்டினார், எதிரே விளக்கேற்றிவைத்து, அதன் முன் அமர்ந்தார். விக்கிரகம் இல்லை, படம் இல்லை. அந்தக் கண்ணாடியில் திருத்தணிகை முருகனைக் கண்டார் என்பது வரலாறு. பிற்காலத்தில் வள்ளலார் என்று உலகம் வணங்கிய அவர், 1872-இல் வடலூரில் சத்திய ஞானசபையைத் தொடங்கியபோதும், ஏழு திரைகளுக்கு அப்பால் ஜோதி ஒன்றையே தரிசனப் பொருளாக வைத்தார். மாடியறையில் தொடங்கிய அலங்கார முறை வடலூர் வரையில் மாறவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அறையில் நாம் கவனிக்கவேண்டியது, அலங்காரம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே. அது அவர் முகத்துக்கு எதிரே இருந்தது. இக்காலத்தில் கணிப்பொறியின் திரை வழியாகக் கூட்டங்கள் நடைபெறத் தொடங்கிய பிறகு, பணியறையின் அழகெல்லாம் அமர்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னே சென்று சேர்ந்துவிட்டது. புத்தக அலமாரியும், செடித் தொட்டியும், வெண்கலச் சிலையும், திரையிலே நம்மைக் காண்பவர்கள் மெச்சும்படியாகப் பின்சுவரில் அடுக்கப்படுகின்றன. நாள் முழுதும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் முன்சுவரிலோ மின்கம்பிகளும் தேதி கிழிக்காத நாட்காட்டியும் தொங்குகின்றன. கோயிலுக்குச் செல்பவன் மூர்த்தியைத் தனக்கு எதிரே வைத்து வணங்குகிறான். பின்சுவரைச் சோடிப்பதைப் பாவமென்று நான் கூறவில்லை. அதனால் கிடைப்பது மதிப்பு, மன ஒருமை அன்று என்பதை அறிந்தே செய்யவேண்டும் என்கிறேன். தாத்தாவின் கையெழுத்துள்ள ஒரு கடிதமோ, சொந்த ஊர்க் கோயில் கோபுரத்தின் படமோ, ஒரு கிளை வேம்பு தெரியும் ஜன்னலோ, எது உள்ளத்தைக் கூட்டிச் சேர்க்கிறதோ அது கண்ணெதிரே இருக்கட்டும்.

மற்றவை எளிய விஷயங்கள். வலக்கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. ஆசனம் மிக உயரமாகவும் மிகத் தாழ்வாகவும் இல்லாமல், ஆடாமல் நிலையாக இருக்கவேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொல்லியது நாற்காலி வாங்குகிறவருக்கும் பொருந்தும்.

இடத்தைப்போலவே காலத்துக்கும் ஒரு வாசற்படி வேண்டும். வீட்டிலிருந்து தொழில் செய்வது நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும், சாதாரண வீடுகளின் திண்ணையிலும் கொடுக்கல் வாங்கலெல்லாம் நடந்தன. சாய்ந்த மூடியுடைய கணக்குப்பெட்டியின் முன் சம்மணமிட்டு அமர்ந்த கணக்குப்பிள்ளை, அந்த மூடியின்மேலேயே ஏட்டை வைத்துப் பிள்ளையார் சுழி போட்டு எழுதி, வேலை முடிந்ததும் ஏட்டையும் பேனாவையும் அதே பெட்டிக்குள் இட்டு மூடிப் பூட்டினார். மூடிய பின் திண்ணை மறுபடி வீட்டாருக்கும் விருந்தாளிக்கும் உரியதாகிவிடும். இன்றைய அலுவல் அறைக்கு அப்படி ஒரு மூடி இல்லை. நள்ளிரவிலும் அந்தத் திரை நம்மை அழைக்கிறது. ஆண்டுக்கொரு முறை சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் கருவிகளையும் அடுக்கி, பட்டு விரித்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று அவற்றைத் தொடாமல், மறுநாள் விஜயதசமியில் எடுத்து ஒரு பக்கமேனும் படித்துத் தொடங்குகிறோமே, அந்த ஒரு நாள் விலகலில் ஆழ்ந்த ஞானம் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் பொருளை அன்று ஒருநாள் பயன் கருதாமல் நோக்குகிறோம். தினந்தோறும் அந்திவிளக்கு ஏற்றும் நேரத்திலாவது கணிப்பொறியை மூடிவைத்து அந்த விரதத்தைச் சிறிதளவு அனுஷ்டிக்கலாம்.

குடும்பத்தில் யாருக்கு இந்த அறை என்பதையும் தர்மத்தின் கண்கொண்டு பார்க்கவேண்டும். மன ஒருமைக்கு இடம் தேவை என்று ஒப்புக்கொண்டோமானால், அது எல்லா மனங்களுக்கும் தேவை. கணவனுக்குக் கதவுள்ள அறையும், அவனைப்போலவே உத்தியோகம் பார்க்கும் மனைவிக்குச் சாப்பாட்டு மேசையின் ஓரமும் என்று அமைந்த வீடுகள் எத்தனையோ. பாத்திரத்தை ஒதுக்கி, ஈரத்தைத் துடைத்து, குழந்தையின் கேள்விக்கும் குக்கரின் விசிலுக்கும் நடுவே அவள் வேலை செய்கிறாள். அவ்வீட்டில் எத்திசையில் எந்தப் பொருளை வைத்தாலும் குறை தீராது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர், "பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டவில்லையா? அவருக்கு இடமும் அலங்காரமும் எங்கே இருந்தன?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் அதைச் சொல்லியிருக்கும் வகையை நிதானமாகப் பார்க்கவேண்டும். திருநின்றவூரில் வாழ்ந்த அந்த அந்தணர் முதலில் கல்லாலேயே கோயில் கட்ட விரும்பிப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. பிறகே உள்ளத்தில் கட்டத் துணிந்தார். அப்போதும், நினைத்த மாத்திரத்தில் கோயில் எழுந்துவிடவில்லை. சாதனங்களைச் சேர்த்தார், தச்சரை வரவழைத்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் உறங்காமல் வேலை நடத்தினார், விமானம் எழுப்பினார், கிணறு தோண்டினார், மதில் சூழ்ந்தார், குளம் வெட்டினார்; எல்லாம் ஆகம முறைப்படி, அளவு தப்பாமல், பல நாட்கள் மனத்தினுள்ளே. அதே வேளையில் காஞ்சியில் காடவர் கோனாகிய பல்லவ மன்னன் கற்கோயில் ஒன்றை எழுப்பி முடித்திருந்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலே அது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். குடமுழுக்குக்கு இருவரும் ஒரே நாளைக் குறித்திருக்க, இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்று அன்பனுடைய ஆலயத்தில் புகப்போவதாகவும், மன்னன் வேறொரு நாள் வைத்துக்கொள்ளும்படியும் அருளினார்.

திருநின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்ட மன்னன், அப்படி ஒன்று இங்கே இல்லை என்ற விடையையே பெற்றான். இன்று அங்கே போய்க் கேட்பவர்களுக்கு வழி காட்டுகிறார்கள். மனத்தில் எழுந்த அக்கோயிலுக்குப் பின்வந்தவர்கள் கருவறையும் கோபுரமும் அமைத்து, இருதயாலீஸ்வரர் என்று இறைவனுக்குப் பெயரிட்டு, பூசலாருக்கும் அங்கே ஓர் உருவம் வைத்து, நாள் தவறாமல் பூஜை நடத்திவருகிறார்கள்.