பத்து லட்சம் மைல் எதை நிரூபிக்கிறது?

அமெரிக்காவின் பிக்கப் டிரக் உலகில் தீராத வழக்கு ஒன்று உண்டு: இதுவரை வந்த இன்ஜின்களில் நெடுங்காலம் உழைப்பது எது, நம்பி வண்டியை எடுக்கத் தக்கது எது? வழக்கில் நிற்கும் பெயர்கள் அதிகம் மாறுவதில்லை. 1965 முதல் 1996 வரை ஃபோர்டு தயாரித்த 4.9 லிட்டர் ‘300’ இன்லைன் சிக்ஸ், 1980-களில் டொயோட்டாவுக்குப் பெயர் வாங்கித் தந்த 2.4 லிட்டர் 22ஆர், 1989 மாடல் ஆண்டில் டாட்ஜ் ராம் வண்டிக்குள் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், நவிஸ்டார் செய்து ஃபோர்டு விற்ற 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8. ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்ல ஆள் உண்டு. ஒவ்வொன்றையும் கட்டி இழுத்துவந்த கதையும் உண்டு. பட்டறைப் பேச்சுதான் என்றாலும் உள்ளே கிடப்பவை தத்துவத்தின் பழைய கேள்விகள். எந்தப் பண்பைப் பற்றிப் பேசுகிறோம்? எந்தப் பொருளைப் பற்றி? எந்த அளவையைக் கொண்டு?

முதலில் பண்பு. தேய்ந்து ஓயும்வரை எவ்வளவு தூரம் ஓடும் என்பது உழைப்பு. குறித்த காலத்துக்குள் வழியில் நிற்காமல் ஓட எவ்வளவு வாய்ப்பு என்பது நம்பகம். அடி தாங்கும் வலிமை மூன்றாவது. 2003-ல் பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் டொயோட்டா ஹைலக்ஸைக் கடலில் மூழ்கடித்தும், அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தையே இடித்துத் தள்ளியும் பார்த்தார்கள். மறுபடி ஸ்டார்ட் ஆனது. பார்க்க அருமையான காட்சி. மூன்று லட்சம் மைலுக்குப் பிறகு பிஸ்டன் ரிங் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. கனரக டீசல் தயாரிப்பாளர்கள் இன்னும் கறாராக ‘பி10’, ‘பி50’ ஆயுள் என்று பேசுவார்கள்: ஒரே வகை இன்ஜின்களில் நூற்றுக்குப் பத்து, அல்லது சரிபாதி, பெரிய வேலைக்கு வந்துசேரும் தூரம். அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தன் வாசலில் நிற்கும் ஒற்றை வண்டியைப் பற்றி அது எந்த வாக்கும் தருவதில்லை.

உழைப்பும் நம்பகமும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு, 1998-ன் இடையில் 24 வால்வுகளோடு வந்த 5.9 கம்மின்ஸ் நல்ல உதாரணம். அதன் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்புக்கு உயவும் குளிர்ச்சியும் டீசலிலிருந்தே கிடைக்க வேண்டும். டேங்கிலிருந்து டீசலை ஏற்றித் தரும் சிறிய லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால் பெரிய பம்பும் அதன் பின்னால் போகும். கிராங்க், பிஸ்டன், போர் எல்லாம் பழுதில்லாமல் இருக்க, வண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, பம்ப்தான் போயிற்று என்பார் உரிமையாளர். பம்பை இன்ஜினில் சேர்க்காதவரை அது சரிதான். தோற்ற உறுப்பையெல்லாம் எல்லைக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனால் உலகில் எந்த இன்ஜினும் தோற்காது.

அடுத்து பொருள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்ற விவாதத்தைப் புளூடார்க் பதிந்துவைத்தார். தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று மன்னன் மிலிந்தனைக் கேட்ட பௌத்தத் துறவி நாகசேனர், உறுப்புகளின் கூட்டத்துக்கு வழக்கில் வைத்த பெயர்தான் தேர் என்று முடித்தார். 22ஆர் இன்ஜினுக்கு இந்தக் கேள்வி நேராகவே பொருந்தும். 1985 முதல் அதில் இரட்டை வரிசை டைமிங் செயினுக்குப் பதில் ஒற்றை வரிசைச் செயின் வந்தது. செயினை அணைத்துப் பிடிப்பவை பிளாஸ்டிக் கைடுகள். கைடு உடைந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் சலசலப்பு கேட்கும். கேட்டும் விட்டுவிட்டால், தளர்ந்த செயின் டைமிங் கவரை உள்ளிருந்து அறுக்கும். அறுப்பு தண்ணீர் ஓடும் வழியை எட்டினால் கூலன்ட் ஆயிலில் கலந்து பேரிங்குகள் போய்விடும். காது கொடுத்துக் கேட்டுக் கைடை மாற்றியவரின் வண்டி பல லட்சம் மைல் ஓடுகிறது. இன்ஜின் உழைத்ததா, உழைக்க வைக்கப்பட்டதா?

உறுப்புகளுக்கு அப்பால் ‘அவயவி’ என்ற முழுப்பொருள் உண்மையாகவே உண்டு என்ற நியாய வைசேடிகர்கள், ஓர் உறுப்பு மாறினாலும் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றுகிறது என்றார்கள். அந்தக் கறாரில் எந்த இன்ஜினும் ஒரு ஸ்பார்க் பிளக்கின் ஆயுளைத் தாண்டாது. இங்கே நாகசேனரின் பக்கம்தான் வேலைக்கு ஆகும். பிளாக்கையும் கிராங்கையும் திறக்காதவரை அது அதே இன்ஜின் என்று பட்டறை வழக்கு கொள்கிறது. வழக்கு எதுவானாலும் போட்டியில் நிற்கும் எல்லா இன்ஜினுக்கும் அதையே வைக்க வேண்டும். சண்டை பெரும்பாலும் இங்கேதான் தடம் புரள்கிறது.

பெயரும் பொருளும் ஒன்றல்ல என்பது இன்னொரு சிக்கல். ‘5.9 கம்மின்ஸ்’ என்ற ஒரே பெயருக்குள், ‘53’ என்ற வார்ப்பு எண் கொண்ட சில ஆண்டு பிளாக்குகளும் அடக்கம். பக்கச் சுவரில் விரிசல் விடுவதால் பெயர் கெட்டவை அவை. 24 வால்வுக்கு முன் வந்த, பலர் தலையில் வைத்துக் கொண்டாடும் 12 வால்வு இன்ஜினிலும் ஒரு சிறு எஃகு முளை இருக்கிறது. முன்பக்க கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோடு பொருத்தும்போது இடம் தவறாமல் இருக்க வைத்த டவல் பின் அது. சூட்டிலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் நகர்ந்து துளையிலிருந்து வெளியே வரும். விழும்போது ஆயில் பேனுக்குள் போனால் பிழைத்தது. கியர்களுக்கு இடையில் சிக்கினால் ஹவுசிங் உடைந்து இன்ஜினே போகும். மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் ‘கில்லர் டவல் பின்’. பரிகாரம் மிக எளிது: முளையின் வாயை மறைத்து ஒரு சிறு தகட்டை போல்ட் போட்டு முடுக்கினால் போதும். அந்தத் தகடு உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பெயர் ஒன்றே.

இனி அளவை, அதாவது அறியும் வழி. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை’ அளவைகளை வரிசைப்படுத்துகிறது. காட்சி, கருதல், ஆகமம் மூன்றும் இந்த வழக்குக்குப் போதும். கண்ணால் காண்பது தன் வண்டி ஒன்றைத்தான். அமெரிக்காவில் ஒருவர் ஓட்டிய 2007 மாடல் டொயோட்டா டன்ட்ரா, முதலில் வந்த இன்ஜினோடு பத்து லட்சம் மைலைத் தொட்டது. 2016-ல் டொயோட்டாவே அதை ஆய்வுக்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இன்ஜினால் பத்து லட்சம் மைல் ஓட முடியும் என்பதற்கு அது மறுக்க முடியாத சான்று. அதே மாடலில் வேறொன்று எவ்வளவு ஓடும் என்பதற்கு மெலிந்த சான்று. ஓடாமல் போனவை உடைப்புக் கடைக்குப் போய்விட்டதால், சாலையில் எண்ணிப் பார்ப்பவரின் கணக்கில் அவை வருவதும் இல்லை.

கருதல் அளவையில் நியாய நூலார் ஓர் எச்சரிக்கை வைத்தார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தவறாது. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது தவறும், ஏனென்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். நெடுந்தூர மைல் கணக்குகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் உபாதிதான். பத்து லட்சம் மைல் ஓடும் வண்டி நாள் முழுக்க நெடுஞ்சாலையில், இன்ஜின் சூடேறிய நிலையில், சீரான வேகத்தில் ஓடுகிறது. குறுகிய காலத்தில் அத்தனை மைல் சேர வேறு வழியும் இல்லை. தினம் நாலு மைல் போய்க் குளிர்ந்து நிற்கும் வண்டியில், ஆயிலில் கலந்த நீரும் எரிபொருளும் ஆவியாகவே நேரம் கிடைப்பதில்லை. இன்ஜின் ஒன்றே, விறகு வேறு. கம்மின்ஸின் இதே பி-வரிசை ஜாம்ஷெட்பூரின் டாட்டா கம்மின்ஸ் ஆலையிலும் உருவாகி இந்திய லாரிகளுக்குப் போனது. அங்கே பெற்ற பெயரை அப்படியே அமெரிக்கப் பிக்கப்பின் கணக்கில் எழுத முடியாததற்கும் இதுவே காரணம்.

உபாதிகள் முடிவற்றவை, ஆகவே கருதலே செல்லாது என்றனர் சார்வாகர்; நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்குத் தர்க்க ஆதாரம் இல்லை என்றார் டேவிட் ஹியூம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மைலை எண்ணுவதை விட்டுக் காரணத்தைக் கேட்கலாம். ஃபோர்டு 300-ல் ஆறு சிலிண்டருக்கு ஏழு மெயின் பேரிங்குகள். கிராங்கின் ஒவ்வொரு வளைவுக்கும் இருபுறமும் தாங்கல் உண்டு. கேமைச் சுழற்ற செயினுக்குப் பதில் கியர். 4.9 லிட்டரிலிருந்து கடைசிக் காலத்திலும் ஏறத்தாழ 150 குதிரைத்திறன்தான் கேட்டார்கள். விவசாய, தொழிற்சாலை இயந்திரங்களுக்காகவும் வடிவமைத்த 5.9 கம்மின்ஸ், ராமில் நுழைந்தபோது 160 குதிரைத்திறன் தந்தது. பாகங்கள் பெரியவை, சுமை சிறியது, சுழற்சி நிதானமானது. இந்தக் காரணங்கள் எந்த ஒற்றை வண்டியையும் நம்பி நிற்பவையல்ல. மைலை மட்டும் சொல்பவரைவிட இப்படிக் காரணம் சொல்பவரின் பேச்சுக்கு எடை அதிகம் கொடுக்கலாம்.

ஆகமம் என்றால் இங்கே பிறர் வாக்கு. நேரில் அறிந்தவரும் அறிந்ததை அப்படியே சொல்பவருமே ஆப்தர் என்பது நியாயத்தின் இலக்கணம். மெக்கானிக் நேர்மையானவர்தான், ஆனால் அவரிடம் வருபவை கெட்டவை மட்டுமே. உரிமையாளர் அறிந்தது தன் வண்டியை. அதற்குக் கொடுத்த விலையும் அவர் வாக்கில் பேசும். ஒரே வேலைக்கு நூறு வண்டி வைத்து, ஓடியதையும் நின்றதையும் ஒரே பேரேட்டில் எழுதுபவரே ஆப்தருக்குக் கிட்ட வருகிறார். ஃபோர்டு 300-ஐ யுபிஎஸ் தன் டெலிவரி வேன்களில் வைத்து ஓட்டியது, தனி மனிதர் புகழ்வதைவிடப் பெரிய சாட்சியம். பேரேட்டு வாக்குக்கும் குறை உண்டு: அது நிரம்பப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். அதற்குள் இன்ஜினே சந்தையிலிருந்து போயிருக்கும். 300 நிரூபித்து முடித்தபோது 1996 வந்துவிட்டது, 7.3 பவர் ஸ்ட்ரோக் 2003-ல் நின்றது.

அவை போனதற்குப் புகை விதிகளும் ஒரு காரணம். 7.3-க்கு அடுத்து வந்த 6.0 லிட்டரில் வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உள்ளே அனுப்பும் இஜிஆர் கூலரும் ஹெட் கேஸ்கெட்டும் தொல்லை தந்தன. விதிதான் நல்ல இன்ஜின்களைக் கொன்றது என்ற புலம்பல் அங்கிருந்து பிறந்தது. புலம்பலில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியில், பழைய 12 வால்வு கக்கிய கரும்புகையைச் சுவாசித்தவர்கள் வழக்கில் கட்சியாகவே சேர்க்கப்படவில்லை. நீடித்து உழைப்பது ஒரு பண்பு. இன்ஜினுக்கு வேண்டிய பண்பு அது ஒன்றுதான் என்று யாரும் நிறுவியதில்லை.

பேரேடு இல்லாத இடத்தில் வாங்குபவர் பிராண்டின் பெயரைப் பிடித்துக்கொள்கிறார். அப்பா ஃபோர்டு ஓட்டினார், மகனும் ஃபோர்டு என்று குலதெய்வம் போலத் தொடரும் குடும்பங்கள் அங்கே குறைவில்லை. பெயர் கடத்துவது ஆலையின் பழக்கத்தை, வடிவத்தை அல்ல. பத்து லட்சம் மைல் ஓடிய அந்த டன்ட்ராவில் இருந்தது 4.7 லிட்டர் வி8; 2022 டன்ட்ராவில் டொயோட்டா வைத்தது இரட்டை டர்போ வி6. கடைசல் வேலையில் தங்கிய உலோகத் துகள் மெயின் பேரிங்கைக் கெடுக்கக்கூடும் என்று 2024-ல் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2025-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 420 குதிரைத்திறன் 6.2 லிட்டர் வி8 உள்ள ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளை, கனெக்டிங் ராடு, கிராங்க்‌ஷாஃப்ட் குறைபாட்டுக்காக அழைத்தது. இரண்டிலும் பிழை ஆலையின் தயாரிப்பில் நுழைந்தது. வரைபடத்தை வைத்துக் காரணம் காட்டுபவரின் கண்ணுக்கும் அது தப்பிவிடும்.