நடக்க வைக்க முடியாத மருத்துவம்

முதுகெலும்பு முறிந்தால் ஒட்டும். அதனுள் ஓடும் தண்டுவடம் முழுதாகச் சிதைந்தால் ஒட்டாது. கி.மு. 1600 அளவில் எகிப்தில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், கழுத்தெலும்பு பிசகிக் கைகால் உணர்விழந்தவரைச் சிகிச்சைக்கு உட்படாதவர் என்று ஒதுக்கியது. இன்றும் இழந்த உணர்வை முழுமையாகத் திருப்பித்தரும் மருந்து இல்லை. அப்படியிருக்க, ஓர் இளம் மருத்துவர் தன் வாழ்நாளை இந்தத் துறைக்கு ஒப்புக்கொடுப்பதில் என்ன பொருள்? ஊழை நம்பும் நம் மண்ணில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது: வினைப்பயனாய் வந்ததை மாற்ற மனிதக் கை முனையலாமா?

விடையின் பெரும்பகுதி 1944இல் இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் நெடுநாள் பிழைக்கவில்லை. பலரைக் கொன்றது தண்டுவடக் காயமே அல்ல. அசையாமல் கிடந்த உடலில் சதை அழுகிப் படுக்கைப்புண் வந்தது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிச் சிறுநீரகம் கெட்டது. குட்மன் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, இரவிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாள வைத்தார். கிடந்தவர்களை எழுப்பி வேலைக்கும் விளையாட்டுக்கும் பழக்கினார். 1948 ஜூலை 29 அன்று 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெய்தார்கள். பெனிசிலின் போன்ற மருந்துகளும் அந்தக் காலத்தில் துணைநின்றன, உண்மைதான். ஆனால் தண்டுவடம் 1918இல் இருந்தபடியேதான் 1944இலும் இருந்தது. நள்ளிரவில் எழுந்து வந்து புரட்டிவிட்ட செவிலியரின் கை புதிது. அப்படியானால் முன்னவர்களின் படுக்கைப்புண்ணை எந்தப் பிறவியின் கணக்கில் எழுதுவது? விதி என்று நாம் பெயரிட்டதில் எவ்வளவு, யாரும் புரட்டிவிடாத உடல்?

அந்தக் கை வந்ததும் ஊழ்தானே என்று நம்பிக்கையுள்ளவர் மறுக்கலாம். மறுக்கட்டும். அப்படியென்றால் உதவாமல் நிற்பதற்கு ஊழைக் காரணம் காட்ட முடியாது என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்திருக்கிறார். மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவரையும் மருத்துவத்தின் கூறாக எண்ணுகிறார். தண்டுவடச் சிகிச்சையில் அந்த நான்காமவர் மருத்துவருக்கு இணையானவர். மகனைப் புரட்டிவிடும் தாய்க்கும், சிறுநீர்க் குழாய் போடக் கற்கும் மனைவிக்கும் கற்றுத்தருவதே இங்கே மருத்துவரின் பாதி வேலை.

இதைவிடக் கடுமையான எதிர்ப்பு ஒன்று உண்டு: இப்படி வாழ்வதைவிடச் சாவது மேல் அல்லவா? இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நடக்கிறவர்கள். அமெரிக்காவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், அவசரச் சிகிச்சைப் பணியாளர்களில் 18 விழுக்காட்டினரே கடுமையான தண்டுவடக் காயத்தோடு உயிர்வாழ்வதில் தாங்கள் மகிழ்வோம் என்றார்கள். அக்காயத்தோடு வாழ்பவர்களில் 92 விழுக்காட்டினர் உயிரோடிருப்பதில் மகிழ்வதாகச் சொன்னார்கள். இந்த எண்ணை வைத்துத் துன்பத்தை மூடிவிடக் கூடாது. ஓயாத நரம்புவலியும் மனச்சோர்வும் பலரை வாட்டுகின்றன. அந்த மகிழ்ச்சியும் பராமரிப்புக் கிடைத்தவர்களுடையது. அதனால்தான் மருத்துவர் தேவைப்படுகிறார். வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், மறுவாழ்வு மருத்துவம் பயின்று அந்த ஊரிலேயே அத்துறையை வளர்த்தார். அவர் வாழ்க்கையை வெளியிலிருந்து யார் எடைபோட முடியும்?

இந்தத் துறைக்கு வருபவரிடம் சீக்கிரமே அந்தக் கேள்வி வரும்: "டாக்டர், நான் எப்ப நடப்பேன்?" பொய் சொல்லக் கூடாது, பரிசோதனை முடியும் முன்னே நம்பிக்கையை அறுக்கவும் கூடாது. தெரிந்த உண்மையைச் சொல்லிவிட்டு, உடனே எழுந்து போகாமல் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்விகள் வரும்: வீட்டுக் கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, பழைய வேலைக்குப் போக முடியுமா, பிள்ளை பெற முடியுமா. அவற்றுக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.