காயம் பேசினால் குற்றமா?

தமக்கு நேர்ந்த இழிவை ஒருவர் ஊரறியச் சொல்லலாமா? அன்பு திரளான பாவங்களை மூடும் என்று திருமுகத்தில் படிக்கிறோம். அப்படியானால், தன் திருச்சபையின் குறையைப் புத்தகமாக எழுதி அச்சிடுவது அன்புக்கு எதிரான செயலா? 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ இக்கேள்வியை நம் முன் வைத்தது. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த பூமியில் கருக்கு என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விறகு பொறுக்கப் போய்ப் பனைமட்டையின் பல்வரிசையில் கையைக் கிழித்துக்கொண்டவர்கள் இங்கு ஏராளம். பாமாவின் ஊரும் இதே விருதுநகர் மாவட்டத்தில், மேற்குமலை அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டிதான். கத்தோலிக்க தலித் குடும்பத்தில் 1958-இல் பிறந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு, 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். சமாதானப் பேச்சுக்குச் சென்று வந்த மறுநாள் அது. அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் இராணுவக் காவலுடன் பள்ளிக்கூடம் சென்றார்கள். இரு நாடுகளையும் ஒப்பிடுவது மிகை என்று எண்ணுவோர் இந்த ஒரு மாதத்தை மட்டும் நினைத்துப் பார்க்கட்டும்.

‘கருக்கு’ சொல்லும் நிகழ்ச்சிகளுள் ஒன்று நம்மை விட்டு அகலுவதேயில்லை. பள்ளி விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிவந்து, குனிந்து, நிலக்காரரிடம் நீட்டுவதைப் பார்க்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது, வீட்டில் வந்து சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணனோ சிரிக்கவில்லை. பொட்டலத்தில் அவர் கை பட்டால் தீட்டு என்று அவர்கள் நினைப்பதை விளக்குகிறார். அந்தச் சிரிப்பு அடங்கிய கணத்தில் ஒரு குழந்தைப் பருவம் முடிந்துபோகிறது. எந்தச் சாதிப் பட்டியலும் புள்ளிவிவரமும் இதைச் சொல்லிவிட முடியுமா?

வெளியூரின் கொடுமையை மட்டும் எழுதியிருந்தால் நாம் அனைவரும் கைதட்டியிருப்போம். ஆனால் ஏழைகளுக்கு உழைக்கலாம் என்னும் ஆசையோடு துறவற சபையில் சேர்ந்து, ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கிருந்து, வெளியேறியவர் அவர். மடத்தினுள்ளும் சாதி நுழைந்திருந்ததை எழுதினார். அங்கேதான் பலருக்கு உறுத்தியது. “குடும்பத்து அழுக்கைத் தெருவில் அலசலாமா?” என்ற குரல் எழுந்தது. இதில் ஒரு நியாயமும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எழுதப்படுபவர்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கலாம். தம் சொந்த ஊராரே மனம் வருந்தி, சில மாதங்கள் அவரை ஊருக்குள் வரவிடவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். ஏழைகளின் அந்தரங்கம் அச்சேறும்போது அவர்களுக்கும் வலிக்கிறது.

மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பினப் பெண்மணி ஆன் மூடி 1968-இல் தம் இளமையை நூலாக எழுதினார். போராட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து, வேண்டாம் என்று கெஞ்சும் தாயின் கடிதங்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. ஞாயிறன்று வெள்ளையரின் ஆலய வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டதை எழுதிய அதே கை, ஓர் ஆலயத்தில் தம்மை உள்ளே அமரவிட்டதையும் எழுதியது. சாட்சி சொல்பவரின் நேர்மை அங்கே தெரிகிறது. பழி வாங்க எழுதுபவர் அந்த இரண்டாவது செய்தியை விட்டுவிட்டிருப்பார்.

அன்பு மூடுவது பிறர் நமக்குச் செய்த பிழையை. நாம் பிறருக்குச் செய்ததை மூடிக்கொள்ள அந்த வசனத்தை எடுப்பது முறையா? ஒப்புரவு அருட்சாதனத்தில்கூடப் பாவத்தை வாய்திறந்து சொன்ன பின்பே மன்னிப்பு. உயிர்த்த ஆண்டவரும் தோமாவிடம் தம் காயங்களை மறைக்கவில்லை. தொட்டுப் பார்க்கச் சொன்னார். மகிமை பெற்ற உடலிலும் தழும்புகள் நீங்கவில்லை.

நம் பங்கு விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். அடிக்கல் நாட்டிய நாள், கோபுரத்தின் உயரம், நன்கொடையாளர் பெயர் வரிசை, இடையிடையே நகைக்கடை விளம்பரம், எல்லாம் இருக்கும். யார் எங்கே அமர்ந்தார்கள், எந்தத் தெருவுக்குத் தேர் போகவில்லை என்பது இராது. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தினுள் சாதிகளைப் பிரிக்கச் சுவர் இருந்தது. அது அகற்றப்பட்டபோது, திரும்பக் கட்டித் தரக் கோரி விசுவாசிகளே சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். சுவர் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. எனினும் 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பாமா எழுதி 24 ஆண்டுகள் கழித்து!

அடுத்த விழா மலர் தயாரிக்கும் குழுவினர் கடைசித் தெருவின் முதியவர்களிடமும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கேட்டு வரலாம். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.