கலங்கிய தண்ணீரை யார் குடிப்பது?

வேத பாடம்: எசேக்கியேல் 34:17-19



மேலே சொல்லப்பட்ட வேத பகுதியை முதலாவது எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். கொழுத்த ஆடுகளை நோக்கிக் கர்த்தர் வழக்காடுகிறார். நல்ல புல்லை மேய்ந்தது குற்றம் என்று சொல்லவில்லை. தெளிந்த தண்ணீரைக் குடித்ததும் குற்றம் இல்லை. தாங்கள் மேய்ந்து முடித்தபின் மிச்சத்தைக் காலால் துவைத்துப்போட்டார்கள், குடித்து முடித்தபின் தண்ணீரைக் கலக்கிவிட்டார்கள், பின்னால் வந்த ஆடுகள் அதையே தின்று அதையே குடிக்க வேண்டியதாயிற்று. இதுதான் தேவனுடைய வழக்கு. நமக்குத் தேவை முடிந்தபின் மிச்சத்தை என்ன செய்கிறோம் என்று பரலோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த வசனத்தைத் தியானிக்க வைத்தது ஒரு கேள்வி. பலசரக்குக் கடை வைத்திருக்கிற நம் சபை சகோதரன் ஒருவர் உபவாச ஜெபம் முடிந்தபின் என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், கடையில பிளாஸ்டிக் கவர் குடுக்கது பாவமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வாலிபர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் நிறுத்திப்போட்டா ஆளுவ எதிர்த்த கடைக்குப் போயிருவாவ. அவன் ஒண்ணுக்கு ரெண்டா குடுப்பான். பொறவு எனக்க யாவாரம் எப்பிடி நடக்கும்?" என்றார். பிள்ளைகள் படிக்கிற வீடு அது. இரவெல்லாம் யோசித்துவிட்டு வந்து கேட்ட கேள்வி என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

பிரியமானவர்களே, நாம் தண்ணீரால் பிழைக்கிற ஜனம். பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது 1906-ஆம் ஆண்டில். பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் திறந்துவிடுகிற தண்ணீர்தான் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய் என்று பிரிந்து, குளம் குளமாய் நிறைத்து, கடைசியில் கடைமடை வயலுக்கு வந்து சேருகிறது. கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறந்த நாளில் போய்ப் பாருங்கள். முதல் தண்ணீருக்கு முன்னால் வருவது என்ன? கவர். கறுப்புக் கவர், வெள்ளைக் கவர், மீன் வாங்கின கவர், பிள்ளைக்குக் கட்டிவிட்டதைச் சுருட்டிப் போட்ட கவர். மதகில் வந்து அடைத்துக்கொண்டு நிற்கும். கடைமடைக்காரன் மண்வெட்டியை வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் அள்ளிப்போட வேண்டும். அந்தக் கவரில் சாமான் வாங்கினவர்கள் யாரோ, வாருகிறவர் யாரோ. எசேக்கியேல் தீர்க்கதரிசி நாஞ்சில் நாட்டைப் பார்த்தது இல்லை. ஆனால் அவர் சொன்ன ஆடுகள் நம்முடைய கால்வாய்க் கரையிலும் நிற்கின்றன.

பழையாறும் அப்படித்தான். ஊர் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு சுசீந்திரம் வழியாக மணக்குடியில் போய்க் கடலில் விழுகிறது. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குத் தூரதேசத்துப் பறவைகள் வருகிறபடியால், 2022-ல் அவற்றை ராம்சார் ஈரநிலம் என்று அறிவித்து உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். உலகம் கனம்பண்ணுகிற அந்தக் குளத்தின் கரையில் நாம் எதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்று வண்டியை நிறுத்திப் பார்த்தால் தெரியும். மணக்குடியிலே மீன்பிடிக்கிறவர்களைக் கேளுங்கள், வலையில் மீனோடுகூட வேறு என்ன ஏறுகிறது என்று சொல்லுவார்கள்.

பிளாஸ்டிக் மக்காது. வெயிலில் காய்ந்து, நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூளாகுமே தவிர மண்ணாகாது. கஞ்சி வாசனைக்குக் கவரோடு சேர்த்துத் தின்கிற மாட்டின் வயிற்றிலும் அது கரையாமல் கிடந்து, கடைசியில் டாக்டர் வயிற்றைக் கீறி எடுக்க வேண்டியதாகிறது. நாகர்கோவில் வலம்புரிவிளையிலுள்ள குப்பைமேட்டுக்கு உரக்கிடங்கு என்று பெயர். எதிலிருந்து உரம் வரும்? கவருக்குள் கட்டிப்போட்ட சோறும் காய்கறித் தோலும்கூட மக்கி உரமாக முடியாமல் உள்ளேயே அழுகுகிறது. அங்கே பல தடவை தீப்பிடித்து, சுற்றிலும் குடியிருக்கிறவர்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். அவர்களும் பின்னால் வந்த ஆடுகள்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தக் காரியத்தில் நம்முடைய மாவட்டம் மாநிலத்துக்கே முன்னோடி. ராஜேந்திர ரத்னூ அவர்கள் கலெக்டராக இருந்த காலத்தில், 2010-ஆம் ஆண்டிலேயே, ஒருதடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக்கைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று பெரிய முயற்சி எடுத்தார்கள். சேர்ந்த பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கித் தாரோடு கலந்து ரோடும் போட்டார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். அதன்பின்பு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. கடைக் கவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தத் தடைக்கு உட்பட்டது. துணி போலத் தெரிகிறதே, கைப்பிடி வைத்த கலர் பை, அதுவும் துணி அல்ல, பிளாஸ்டிக் நார்தான். அதுவும் தடைப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கி, பத்து ரூபாய் போட்டால் பை தருகிற மிஷின்கூட வைத்தார்கள்.

ஆக, சட்டத்துக்குக் குறைவு இல்லை. ஆனாலும் கவர் நின்றதா? ஆபீசர் வருகிறார் என்று போன் வந்தால் கட்டுக்கட்டாய் எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளுகிறோம். அவர் வண்டி திரும்பினதும் வெளியே எடுக்கிறோம். யோசுவா 7-ஆம் அதிகாரத்தில் ஆகான் கூடாரத்துக்குள் மண்ணைத் தோண்டிப் புதைத்தது ஞாபகம் வருகிறதா? ஒருவன் ஒளித்து வைத்ததினால் முழுப் பாளயமும் தோற்றது. நான் கவரையும் சாபத்தீடானதையும் ஒன்றாக்கவில்லை. அப்படி உபதேசம் பண்ணினால் அது தப்பு. ஆனால் ஒளிக்கிற கை ஒரே மாதிரியான கைதான். தண்டனைக்குப் பயந்து மாத்திரம் அல்ல, மனச்சாட்சியினிமித்தமும் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் ரோமர் 13:5-ல் போதிக்கிறார். ஆபீசர் வராத செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் கடை எப்படி இருக்கிறது? கேள்வி அதுவாக்கும்.

சட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு வங்காளதேசமே சாட்சி. 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களில் சாக்கடைகளைப் பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்டு, உலகத்திலேயே முதல் நாடாக 2002-ல் அவர்கள் தடை போட்டார்கள். ஆனாலும் பைகள் திரும்பவும் கடைகளுக்கு வந்துவிட்டன. அதே 2002-ல் அயர்லாந்து தேசம் வேறொன்று செய்தது. பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, ஒன்றுக்கு 15 சென்ட் வரி வாங்க வேண்டும் என்றார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பை குறைந்துபோயிற்று. சும்மா கிடைக்கிறவரைக்கும் கை நீட்டினோம், காசு என்றதும் வீட்டில் பை இருக்கிற ஞாபகம் வந்துவிட்டது. மனுஷ சுபாவம் அயர்லாந்திலும் இரணியலிலும் ஒன்றே.

இந்த இடத்தில் நம்முடைய பெந்தெகொஸ்தே ஜனங்களுக்குள் இருக்கிற ஒரு வாதத்தை நான் தொடாமல் போக முடியாது. "வருகை சமீபமாயிருக்கு, இந்தப் பூமி வெந்து அழிஞ்சு போகப் போகுது, ஆத்துமாவப் பாக்காம குப்பையப் பாத்துக்கிட்டிருக்கலாமா?" என்கிறார்கள். வருகை சமீபம் என்பதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இல்லை, அல்லேலூயா! ஆனால் பூமி அழிவதைச் சொல்லுகிற 2 பேதுரு 3-ஆம் அதிகாரம் உடனே, அப்படியானால் நீங்கள் எப்படிப்பட்டவர்களாய் நடந்துகொள்ள வேண்டும் என்றுதானே கேட்கிறது? வெளிப்படுத்தல் 11:18-ஐயும் வாசியுங்கள். பூமியைக் கெடுத்தவர்களுக்கு நியாயத்தீர்ப்பு வருகிறதென்று அங்கே தெளிவாய் எழுதியிருக்கிறது. வாடகை வீட்டைக் காலி பண்ணப் போகிறவன், நாளைக்குப் போகிறோமே என்று நடுவீட்டில் குப்பை கொட்டுகிறதுண்டா? வீட்டுக்காரர் வந்து பார்ப்பாரே! இஸ்ரவேல் பாளயத்தில் கர்த்தர் உலாவினபடியால் அசுத்தத்தை மண்ணில் புதைத்துவிட வேண்டும் என்று உபாகமம் 23-ல் கட்டளை இருக்கிறது. வனாந்தரத்தில் இன்றைக்கு இருந்து நாளைக்குப் புறப்படுகிற பாளயம் அது. ஆனாலும் சுத்தமாக இருக்க வேண்டியதாயிருந்தது.

இப்போது அந்தச் சகோதரனுடைய கேள்விக்கு வருகிறேன். கடைக்காரர்கள் கவர் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா? நிறுத்த வேண்டும். தயக்கம் இல்லாமல் அதைச் சொல்லுகிறேன். ஆனால் சிலுவையை அவர் தலையில் மாத்திரம் ஏற்றிவிட்டு நாம் கைவீசிக்கொண்டு நடக்க எனக்கு மனம் இல்லை. அவர் ஏன் கொடுக்கிறார்? நாம் வெறுங்கையோடு போகிறோம், அதனால் கொடுக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் கடையில் ஏறுகிற விசுவாசிகளே, "பிரதர், ஒரு கவர் தாங்க" என்று கேட்கிறீர்களே, வேதாகமம் கொண்டுவந்த பைக்குள் இன்னொரு பை மடித்துவைக்க இடம் இல்லையா? எங்கள் அம்மாமார் காலத்தில் மீன் வாங்க ஓலைப்பெட்டி, எண்ணெய்க்குக் குப்பி, பூவுக்கு வாழையிலை. வெறுங்கையோடு சந்தைக்குப் போகிறவளை ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

அவர் கவரை நிறுத்தி இப்போது சில மாதங்கள் ஆகிவிட்டன. "நிறுத்தினேன், கர்த்தர் இரட்டிப்பாய்க் கொடுத்தார்" என்று சாட்சி எழுத எனக்கும் ஆசைதான். நடந்ததை நடந்தபடியே சொல்லுகிறேன். ஆரம்பத்தில் யாவாரம் குறைந்தது. சிலர் முகத்துக்கு நேராகவே, "ஒரு கவருக்குக் கணக்குப் பாக்குதீரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் பாதிப்பேர் பை தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார்கள். மீதிப்பேர் இன்னும் வரவில்லை. கவர் வாங்கிவந்த பணம் மிச்சமாகிறது, ஆனால் போன யாவாரத்துக்கு அது ஈடாகாது. "மதகுல கவர் வாரும்போது இது எனக்க கடை கவர் இல்லன்னு சொல்லலாம் பாஸ்டர், அது போதும்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கு வயல் கடைமடையில் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்தத் தெருவிலுள்ள மற்றக் கடைக்காரர்களோடு நானே போய்ப் பேசியிருக்கிறேன், எல்லாரும் ஒரே தேதியில் நிறுத்தினால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லையே என்று. இருவர் சம்மதித்தார்கள். எதிர்த்த கடைக்காரர் இன்னும் யோசிக்கிறார். அவர் விசுவாசி அல்ல, ஆனாலும் மரியாதையாய் உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். அவருக்காக ஜெபியுங்கள்.

துணிப்பை விஷயத்திலும் ஒரு வார்த்தை. கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு வாங்கி அலமாரியில் இருபது பை அடுக்கிவைப்பதும் புண்ணியம் இல்லை. பருத்தி விளையவும் துணி நெய்யவும் எத்தனை தண்ணீர் செலவாகிறது! இரண்டு பை போதும், கிழிகிறவரைக்கும் தூக்குங்கள். ஐயாயிரம் பேரைப் போஷித்தபின், அற்புதத்தினால் உண்டான அப்பத்திலேயே துணிக்கைகூட வீணாகக் கூடாது என்று நம் ஆண்டவர் சேர்த்துவைக்கச் சொன்னாரே (யோவான் 6:12).

கடைசியாக நம்முடைய சபைக் காரியம். உபவாசக் கூட்டத்தில் தண்ணீர்ப் பாக்கெட்டும், உள்ளே பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் இனிமேல் கிடையாது. இரண்டுமே 2019-ன் தடைப் பட்டியலில் உள்ளவை. வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவரவும். ஐக்கிய விருந்துக்கு வாழையிலை. தோட்டம் உள்ளவர்கள் முந்தின நாள் சாயங்காலமே இலை அறுத்துத் தந்தால் உதவியாயிருக்கும். சகோதரிகள் ஐக்கியத்தார் பழைய சேலைகளில் பை தைக்கிறார்கள். நல்ல கட்டியான சேலையாகப் பார்த்துக் கொடுங்கள். போன தடவை ஒருவர் கொடுத்த சேலை நாலு தேங்காய்க்கே கிழிந்துவிட்டது. தையல் மிஷின் தெரிந்த தங்கச்சிமார் சனிக்கிழமை பத்து மணிக்குச் சபைக்கு வரவும். மிஷின் இரண்டு இருக்கிறது, மூன்றாவது ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், ஆட்டோ அனுப்புகிறோம்.